சாட்சி சொன்ன தகப்பன்

தாமோதரனை எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். இருவரும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலை வண்டி ஏறி பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். அவர் ஒயிட்ஃபீல்டில் இறங்கி ஒரு இரும்பு உதிரிபாகக் கம்பெனிக்குப் போவார். அங்கே மெஷின் ஆபரேட்டர். நான் கண்டோன்மென்ட் வரைக்கும் போவேன். இன்ஜினிலிருந்து நாலாவது பெட்டி, கதவை ஒட்டிய சீட். யார் முதலில் ஏறினாலும் மற்றவருக்கு இடம் போட்டு வைப்போம்.

அவர் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது தாமோதரனுக்கு இருபது வயசு. ஐ.டி.ஐ. முடித்திருந்தார். மற்றவர்கள் அதை எதிர்த்துக் கொடி பிடித்துக்கொண்டிருந்தபோது இவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வண்டிதான். உடம்பு பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. அவர் சிரித்தால் பக்கத்துப் பெட்டிக்குக் கேட்கும். மனைவி ரூபா, ஒரே பையன் ஹரிஷ். பையனைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

அவர் சொன்ன கதைகளில் ஒன்று எங்கள் பெட்டியில் எல்லோருக்கும் மனப்பாடம். ஹரிஷ் மூன்றாம் வகுப்பில் படித்தபோது எவனோ ஒருவன் அவனுடைய பென்சில் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். தாமோதரன் அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். "அழுது முடிச்சிட்டு உள்ள வா. ஆம்பளையா நீ? அழுதா எல்லாரும் ஏறி மிதிப்பாங்க. நாளைக்குத் திருப்பி அடிச்சிட்டு வா, அப்புறம்தான் சோறு." மறுநாள் ஹரிஷ் அந்தப் பையனின் உதட்டைக் கிழித்துவிட்டு வந்தான். அன்றைக்கு வீட்டில் பிரியாணி.

இதைச் சொல்லிவிட்டு அவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். நான் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஹரிஷ் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படித்தான். என் மகளும் அங்கேதான், அவனுக்கு இரண்டு வகுப்பு கீழே. அவன் எட்டாவது படிக்கும்போது பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து திலீப் என்று ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். அதுவரை கன்னட மீடியத்தில் படித்தவன். அம்மா ஷைலா ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறார். அப்பா இல்லை. பையன் ஒல்லி, சாது. இங்கிலீஷ் பாடத்தை எழுந்து படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்றுவிடுவான்.

அப்படி நின்ற ஒரு நாள் பின் பெஞ்சிலிருந்து ஹரிஷ் மெதுவாக "லோடிங்..." என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாராம். அன்றோடு திலீப் என்ற பெயர் போயிற்று. ஹாஜர் எடுக்கும்போதுகூட யாராவது லோடிங் என்பார்கள். ஒன்பதாவது வந்தபோது அது பெயரோடு நிற்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மண்ணில் கொட்டுவது, சட்டை முதுகில் பேனாவால் எழுதுவது, கழிவறைக்குப் பின்னால் நிற்க வைத்து செல்போனில் எதையாவது காட்டிப் படிக்கச் சொல்வது, அவன் திணறுவதை வீடியோ எடுப்பது. ஹரிஷ், வாசு, இன்னொரு பையன், மூன்று பேர். ஹரிஷ்தான் முன்னால் நிற்பான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் அரை நாள், மூன்று மணி வாக்கில் வந்து இறங்கினோம். பிளாட்பாரத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். நேராக தாமோதரனிடம் வந்தார்.

"நீங்க ஹரிஷ் அப்பாதானே? நான் திலீப்போட அம்மா. உங்க பையன் கிளாஸ்."

"ஆமாம்மா, சொல்லுங்க."

"உங்க பையனும் அவன் கூட்டாளிங்களும் எம்புள்ளய ரொம்ப படுத்தறாங்க சார். தினம் பசியோட வந்துகினு இருக்கான். சட்டைய எனக்குத் தெரியாம அவனே தோச்சிப் போடறான், முதுகுல எழுதனத நான் பார்க்கக் கூடாதுன்னு. ஸ்கூல்ல ரெண்டு தடவ போய் சொல்லிட்டேன். அவன் லெட்டர் எழுதியும் கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்தான். பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்கன்றாங்க. அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்."

தாமோதரன் சங்கடமாக என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பழக்கமான அந்தப் பெரிய குரலில் சொன்னார்: "பசங்க விஷயத்துல நாம பூந்தா பெருசாயிடும்மா. இன்னிக்கு அடிச்சிக்குவாங்க, நாளைக்குத் தோள்மேல கை போட்டுக்குவாங்க. நீங்க உங்க பையனக் கொஞ்சம் தைரியமா வளங்க."

ஷைலா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். "புருஷன் இல்லாத பொம்பள, பாவம், பயப்படுது" என்றார் தாமோதரன் என்னிடம். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போய் ஹரிஷைக் கேட்கத்தான் செய்தார். "சும்னே, சும்மா ஜோக்குப்பா" என்றான் அவன். "எல்லாரும்தான் கூப்பிடறாங்க. அவனும் சேர்ந்து சிரிப்பான், வேணும்னா கேட்டுப் பாருங்க." திலீப் சிரித்தது உண்மைதான். சேர்ந்து சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான். அது பிற்பாடுதான் தெரிய வந்தது. அன்றைக்கு ரூபா சமையலறையிலிருந்து, "அந்தப் பையன் வம்புக்குப் போகாத டா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் திலீப் பள்ளியின் முதல் மாடியிலிருந்து விழுந்தான். விளையாடும்போது ஒரு மாணவன் தவறி விழுந்துவிட்டான், பெற்றோர் பதற்றப்பட வேண்டாம் என்று எங்கள் எல்லோருடைய போனுக்கும் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. முதுகெலும்பில் அடி. அன்று சாயங்காலமே பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சனிக்கிழமை தலைமை ஆசிரியர் வால்டர் மூன்று பையன்களின் பெற்றோரையும் கூப்பிட்டார். வாசுவின் அப்பா முனிரத்தினம் வந்திருந்தார். ரோடு கான்ட்ராக்ட் எடுப்பவர், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். வால்டர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல் மேஜைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துப் பேசினாராம்.

"மூணு பேரும் பக்கத்துல இருந்திருக்காங்க. விளையாட்டுல நடந்ததுன்னு சொல்றாங்க. அடிபட்ட பையனும் தானா விழுந்தேன்னுதான் சொல்றான். நீங்க ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டா போதும்."

"பசங்க எதிர்காலம் சார்" என்றார் முனிரத்தினம், பேனாவை முதலில் எடுத்து.

தாமோதரன் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட உட்காரும் நேரம். ஹரிஷ் குளிக்கப் போயிருந்தான். கட்டிலில் கிடந்த அவன் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று தாமோதரன் எடுத்துப் பார்த்தார். வாசுவின் செய்தி: 'அந்த வீடியோவ டெலிட் பண்ணியா இல்லியா? அப்பா கேக்கறாரு.'

போனுக்குள் தேடி அதை எடுத்தார். நாற்பத்தோரு வினாடி வீடியோ. மாடி வராந்தாவின் கைப்பிடிக்கு அந்தப்பக்கம், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் திலீப் நிற்கிறான். பின்பக்கமாகக் கையை வளைத்துக் கம்பியைப் பிடித்திருக்கிறான். பக்கவாட்டில் முகம் தெரிகிறது, அழுகிறான். படம் எடுப்பது ஹரிஷ். அவன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"அழாத டா. ஆம்பளையா நீ? அழுதா எல்லாரும் ஏறி மிதிப்பாங்க. குதி. கீழ மண்ணுதான் கீது. குதிச்சிட்டா இனிமே லோடிங்னு கூப்பிட மாட்டோம்."

திலீப் தலையைத் திருப்பி, "ப்ராமிஸா?" என்று கேட்கிறான்.

"ப்ராமிஸ்."

அதற்கப்புறம் கம்பியில் கை இல்லை. கீழே மண் இல்லை, சிமெண்ட் படிக்கட்டு. யாரோ ஒருவன் சிரித்த சத்தம் பாதியில் நின்றுவிடுகிறது.

தாமோதரன் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தாராம். மூன்றாவது தடவை படத்தைப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டார். "வார்த்தைக்கு வார்த்தை என்னோடது" என்று என்னிடம் பின்னால் சொன்னார். "குரல்தான் அவனோடது. வார்த்தை எல்லாம் என்னோடது."

ஹரிஷ் துண்டோடு வெளியே வந்து, அப்பா கையில் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டான். தாமோதரன் கையை ஓங்கினார். பையன் தோளைக் குறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். சன்ஷேடில் நின்ற பையனும் அப்படித்தான் குறுகி நின்றிருந்தான். ஓங்கிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கீழே போட்டுவிட்டார்.

"நான் தள்ளலப்பா" என்றான் ஹரிஷ்.

"தெரியும்."

"அவனா குதிச்சான்."

"நீ சொன்னதால குதிச்சான் டா."

ரூபா வந்து வீடியோவைப் பார்த்தார். பார்த்து முடித்ததும், "அழிச்சிடுங்க. இப்பவே அழிச்சிடுங்க. நமக்கு இருக்கறது ஒரே புள்ள" என்றார்.

தாமோதரன் அழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. போனை அணைத்துத் தன் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது நாள் அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏன் பேசவே மாட்டேனென்கிறீர்கள் என்று கேட்டேன், உடம்பு சரியில்லை என்றார். கம்பெனியில் அளவு தவறி வேலையைக் கெடுத்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார்.

பத்தாவது நாள் ஒயிட்ஃபீல்டில் அவர் இறங்கவில்லை. "இன்னிக்கு வேற இடத்துல வேலை" என்றார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

வார்டில் ஷைலா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

"பையனப் பார்க்கலாம்னு..."

"அன்னிக்கு ஸ்டேஷன்ல வந்து கேட்டேனே, ஞாபகம் கீதா உங்களுக்கு? தைரியமா வளங்கன்னீங்க."

அந்நேரம் நர்ஸ் வந்து மருந்துச் சீட்டைக் கொடுத்து உடனே வாங்கி வரச் சொன்னதால், ஷைலா வேண்டாவெறுப்பாக அவரை அங்கே விட்டுவிட்டுக் கீழே போனார். திலீப் மல்லாந்து படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் கட்டுப் போட்டிருந்தது. கண்ணை மட்டும் திருப்பினான்.

"அங்கிள், நான் யார்கிட்டயும் சொல்லல. ஹரிஷ்கிட்ட சொல்லிடுங்க."

"ஏம்ப்பா சொல்லல?"

திலீப்புக்கு அந்தக் கேள்வியே புரியாதது போலிருந்தது. "அதே ஸ்கூலுக்குத்தானே அங்கிள் திரும்பப் போகணும்" என்றான்.

பிறகு கேட்டான்: "இனிமே அப்படிக் கூப்பிட மாட்டாங்க இல்ல? ப்ராமிஸ் பண்ணாங்க."

தாமோதரன் வார்டை விட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். மருந்தோடு ஏறி வந்த ஷைலா அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார். அங்கேயே, படியில் உட்கார்ந்தபடியே தாமோதரன் சொன்னார்: "அவன் தவறி விழலம்மா. என் பையன்தான் குதிக்கச் சொன்னான். வீடியோ கீது என்கிட்ட."

ஷைலா கத்துவார், அடிப்பார் என்று அவர் நினைத்திருந்தார். ஷைலா மருந்துப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "எத்தன நாளா வெச்சிருக்கீங்க?"

"ஒன்பது நாள்."

"ஒன்பது நாளா எம்புள்ள பொய் சொல்லிகினு படுத்திருக்கான்" என்றார் ஷைலா. "உங்க புள்ளைக்காக."

அடுத்த நாள் தாமோதரன் லீவு போட்டார். காலை எட்டு மணிக்கு ஹரிஷை எதிரே உட்கார வைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் போவதாகச் சொன்னார். "நீயும் வந்து நீயே சொன்னா நல்லது. வரலன்னா நான் மட்டும் போயி சொல்லுவேன்." ஹரிஷ் கெஞ்சினான். பிறகு, நீ எனக்கு அப்பாவே இல்லை என்று கத்தினான். ரூபா கதவில் முதுகைச் சாய்த்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஊர்ல எந்த அப்பன் இப்படிச் செய்வான்? முனிரத்தினம் பையன் ஜம்முனு கீறான். நம்ம புள்ளதான் கெடச்சானா உங்களுக்கு?"

"அந்தப் பையன் இன்னும் அதே ஸ்கூலுக்குப் போகணும்னு பயந்துகினு கீறான் ரூபா" என்றார் இவர்.

அரை மணி நேரம் கழித்து ஹரிஷ் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூட யூனிஃபார்ம். டை கூடக் கட்டியிருந்தான். "இது இன்னாத்துக்கு டா?" என்று ரூபா கேட்டார்.

"வேற இன்னா போடறதுன்னு தெரியலம்மா" என்றான்.

அதைக் கேட்டதும் ரூபா கதவை விட்டு நகர்ந்துவிட்டார். அப்பாவும் பையனும் முன்னால் நடந்தார்கள். ரூபா பத்தடி பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர், யூனிஃபார்ம் போடாமல் சாதாரணச் சுடிதாரில், பையனைத் தனி அறையில் உட்கார வைத்துப் பேசினார். யார் குதிக்கச் சொன்னது என்று கேட்டபோது, ஹரிஷ் "நான்தான் மேடம்" என்றான். தாமோதரன் தானும் பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதை எழுதிக் கொடுத்தார்.

ஊரில் அது பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. சொந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவன் என்று முனிரத்தினம் பஜாரில் நின்று சொன்னார். பள்ளி ஹரிஷுக்கு டி.சி. கொடுத்து அனுப்பியது. முனிரத்தினம் வாசுவை பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். ரூபா ஹரிஷை அழைத்துக்கொண்டு பங்காருபேட்டையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். "கொஞ்ச நாள் கழிச்சி வரேன்" என்று சொல்லிப் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நாலாவது பெட்டியில் அவர் பக்கத்தில் உட்காருவதை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். நானும்தான். எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அவரைப் பார்த்தால் என் வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது, அதுதான் காரணம். இரண்டு மாதம் ஆறாவது பெட்டியில் போனேன். அந்தப் பெரிய சிரிப்பு நின்றுபோய்விட்டது என்று மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

நவம்பரில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் வால்டர் நடத்திய கடைசிக் கூட்டம் அது. வராந்தாவில் கம்பி வலை அடித்தாகிவிட்டது, கேமரா வைக்கப் போகிறோம், பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி வைக்கிறோம், ஒரு குழு அமைக்கிறோம் என்று படித்துக்கொண்டே போனார். என் குழந்தைக்கு என்ன பாதுகாப்பு, யாராவது அடித்தால் யார் பொறுப்பு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போது கடைசி வரிசையில் தாமோதரன் எழுந்து நின்றார். அவர் வந்திருந்ததையே நான் பார்க்கவில்லை.

"இவரு புள்ளதான் இங்க படிக்கலையே, இவருக்கு இன்னா வேல?" என்றார் முனிரத்தினம்.

"உங்க புள்ளையும்தான் இங்க படிக்கல" என்று ஒரு பெண் குரல் சொன்னது. முனிரத்தினத்துக்கு இன்னொரு பிள்ளை ஐந்தாவதில் இருந்ததால் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

தாமோதரன் சத்தமில்லாமல் பேசினார். அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

"நான் அடிபட்ட பையனோட அப்பா இல்ல. அடிச்ச பையனோட அப்பா. பொட்டி வெக்கறீங்க, நல்லது. ஆனா திலீப் எழுதியே குடுத்தான், அவங்கம்மா ரெண்டு தடவ வந்தாங்க. எழுதனத யாரு படிக்கறாங்க, படிச்சிட்டு எத்தன நாள்ல இன்னா செய்வாங்க, அத சொல்லுங்க. சொன்ன புள்ளய அதே பசங்க கூட அதே ரூம்ல விடுவீங்களா, அதையும் சொல்லுங்க. இல்லன்னா எந்தப் புள்ளயும் வாயத் திறக்காது." வால்டரிடமிருந்து எங்கள் பக்கம் திரும்பினார். "இங்க எல்லாரும் நம்ம புள்ளய எவனாவது அடிக்கிறானான்னுதான் கேக்கறீங்க. நம்ம புள்ள எவனயாவது அடிக்கிறானான்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. எங்கிட்ட வந்து சொன்னாங்க, அப்பவும் நான் கேக்கல. அவன் கத்துகினது எல்லாம் என்கிட்டதான்."

முனிரத்தினம் எழுந்து வெளியே போனார். அவரோடு பத்துப் பதினைந்து பேர் போனார்கள். வால்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தம்மா ரெண்டு தடவ வந்தது உண்மை" என்றார். "நான் எதையும் எழுதி வைக்கல. பையன் லெட்டரையும் டீச்சர் என்கிட்ட குடுத்தாங்க. படிச்சேன். டிராயர்ல போட்டுட்டேன்."

அந்த ஒப்புதல் யாருக்கும் ஆறுதலாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தாய் எழுந்து, தன் பெண் இரண்டு மாதமாகப் பள்ளியில் சாப்பிடுவதே இல்லை, ஏனென்று சொல்ல மாட்டேனென்கிறாள் என்றார். இன்னொருவர் எழுந்தார். கூட்டம் முடிய ஒன்றரை மணி ஆயிற்று. அன்று சாயங்காலம் நான் என் மகளை உட்கார வைத்து, உன் கிளாஸில் நீ யாரையாவது பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறாயா என்று கேட்டேன். அவள் கடைசியில் சொன்னது எங்கள் வீட்டு விஷயம், அதை இங்கே எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை நாலாவது பெட்டிக்குத் திரும்பினேன். தாமோதரன் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். இதுவரை எழுதியதில் நான் நேரில் பார்க்காததெல்லாம் அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

கோலாரில் சிறார் நீதி வாரியம் ஹரிஷை வீட்டிலேயே இருக்கவிட்டு, ஒரு வருஷம் மாதம் இரண்டு சனிக்கிழமை கவுன்சலிங்குக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பங்காருபேட்டைக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு கோலாருக்குப் பஸ்ஸில் போய் வருவது தாமோதரன் வேலை. அந்த நாட்களில் அரை நாள் சம்பளம் போகும். பையன் அவரோடு பேசுவதில்லை. பக்கத்தில் உட்காரவும் மாட்டான், இரண்டு சீட் தள்ளி உட்காருவான். நடுவில் ஒரு தடவை கவுன்சலர் சொன்னதால் ஹரிஷ் திலீப்புக்கு ஒரு கடிதம் எழுதினான். தாமோதரன் கொண்டுபோய்க் கொடுத்தார். ஷைலா பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எழுத்தப் பார்த்தாலே அவனுக்குக் கை நடுங்குது சார். யாரு இத அவனுக்குப் படிச்சிக் காட்டறது? நானா?"

மன்னிப்பு என்ற பேச்சை ஷைலா எடுக்கவில்லை, தாமோதரனும் கேட்கவில்லை. திலீப்புக்கு இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறான். வலது கால் சரியாக ஊன்ற வராது என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். வேறு பள்ளியில் சேர்க்க ஷைலா புது யூனிஃபார்ம் தைத்து வைத்தார். அதைப் போட்டுவிட்டதும் பையன் வாந்தி எடுத்தான். மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கவுன்சலிங் முடிந்து அப்பாவும் மகனும் கோலார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்கள். வெயில். பங்காருபேட்டை பஸ் வரவில்லை. ஹரிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எட்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவரிடம் தானாக ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, திலீப் எந்த ஸ்கூல்ல சேர்ந்தான்?"

அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து தாமோதரன் கேட்பது அதுதான் முதல் தடவை. உள்ளதைச் சொன்னார்.

"எங்கயும் சேரல."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.